கரண்ட் போனால் எது மறக்கும், எது மறக்காது? – குறைக்கடத்தி நினைவகங்கள், அடிப்படையிலிருந்து



டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் மெமரி பாடம் பெரும்பாலும் கடைசி யூனிட்டில்தான் வரும். கடைசி யூனிட் என்பதால் வகுப்பில் அவசர அவசரமாக முடியும். நாமும் தேர்வுக்கு முந்தின ராத்திரி "எஸ்ரேம் வேகம், டிரேம் மலிவு, ரோம் அழியாது" என்று மூன்று வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவோம். நானும் அப்படிப் போய்த்தான் பாஸ் ஆனேன். அந்த மூன்று வரி போதாது என்று எனக்குப் புரிந்தது தேர்வு அறையில் இல்லை, அனகாபுத்தூரில் ஒரு கைத்தறிக்குப் பக்கத்தில். அந்தக் கதையோடு பாடத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

தறிக்கு ஒரு கவுண்ட்டர்

அனகாபுத்தூர் அடையாற்றங்கரையில் இருக்கும் பழைய நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த கட்டம் போட்ட துணி 'மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் நைஜீரியா வரை போனது. இப்போது தறிகள் குறைந்துவிட்டன. இருக்கிற சிலர் வாழை நார் போன்ற இயற்கை நார்களைக் கலந்து சேலை நெய்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமா அப்படி நெய்கிறவர். மினி புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்: "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை ஊடை ஓடுதுன்னு கணக்கு வைக்க ஒரு மெஷின் பண்ணித் தர முடியுமா? நார்ச் சேலைக்கு எவ்வளவு உழைப்பு போகுதுன்னு வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான்."

சுலபமான வேலைதான். ஊடை நூலை அடித்து நெருக்கும் பலகையில் ஒரு சின்னக் காந்தம். சட்டத்தில் ஒரு ரீட் ஸ்விட்ச். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பல்ஸ். அதை எண்ண ஓர் ஆர்டுயினோ ஊனோ, காட்ட ஒரு சின்ன டிஸ்ப்ளே. ஒரு வாரத்தில் முடித்துக் கொண்டுபோய் மாட்டினேன்.

முதல் நாள் மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. பத்து நிமிஷத்தில் வந்தும்விட்டது. டிஸ்ப்ளேவில் 0.

மாமா திட்டவில்லை. "காலைல இருந்து நெஞ்சதை உன் மெஷின் மறந்துடுச்சே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

எண்ணை நான் வைத்திருந்த இடம் எஸ்ரேம். கரண்ட் போனால் அது மறக்கும் என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். சரி, கரண்ட் போனாலும் மறக்காத இஇப்ராமில் எழுதிவிடலாம் என்று மாற்றினேன். அங்கேயும் ஒரு தப்பு காத்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மெமரி என்பது உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

பாவும் ஊடையும்: மெமரியின் உள்ளமைப்பு

தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை நூல். மெமரி சிப்புக்குள்ளும் இதே அமைப்புதான். குறுக்கே ஓடும் கம்பிகளுக்கு வேர்டு லைன் என்று பெயர், நெடுக்கே ஓடுபவை பிட் லைன். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு செல். ஒரு செல்லில் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1.

நாம் ஒரு முகவரியைக் கொடுத்தால் டீகோடர் அதைப் படித்து, ஒரே ஒரு வேர்டு லைனை மட்டும் எழுப்பும். அந்த வரிசையில் இருக்கும் செல்கள் தங்கள் மதிப்பைப் பிட் லைன்களில் போடும். படிப்பது என்றால் இவ்வளவுதான்.

முகவரிக் கம்பிகள் எத்தனை வேண்டும்? n கம்பி இருந்தால் 2-இன் அடுக்கு n இடங்களைக் குறிக்கலாம். 10 கம்பிக்கு 1,024 இடம், 11 கம்பிக்கு 2,048 இடம். ஒரு சிப்பில் '2கே × 8' என்று போட்டிருந்தால் 2,048 இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 8 பிட். ஆக 11 முகவரிக் கம்பி, 8 டேட்டா கம்பி, மொத்தம் 16,384 செல்.

எஸ்ரேம், டிரேம், ரோம், பிளாஷ் எல்லாமே அடிப்படையில் இந்தக் கட்டங்கள்தான். சந்திப்பில் உட்கார்ந்திருக்கும் செல் எதனால் ஆனது என்பதில்தான் வித்தியாசம். அதனால் எந்த மெமரியைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. கரண்ட் போனால் செல் மறக்குமா?
2. அதில் எப்படி எழுதுவது, எத்தனை முறை எழுதலாம்?
3. ஒரு பிட்டுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்?

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரேம் என்றால் எந்த இடத்தையும் ஒரே அளவு நேரத்தில் எட்டலாம் என்று பொருள். அப்படிப் பார்த்தால் ரோமிலும் எந்த இடத்தையும் நேரடியாக எட்டலாம். 'ரேம்' என்பதற்கு எதிர்ச்சொல் 'ரோம்' கிடையாது. கரண்ட் போனால் மறப்பது, மறக்காதது என்று பிரிப்பதுதான் சரியான பிரிவு. வைவாவில் இதைக் கேட்பார்கள்.

எஸ்ரேம்: ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது

இரண்டு இன்வெர்ட்டர்களை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீட்டில் மாற்றி மாற்றி இணையுங்கள். முதலாவது 1 காட்டினால் இரண்டாவது 0 காட்டும். அந்த 0 முதலாவதை 1-லேயே நிறுத்தி வைக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி. நாமாக வந்து தள்ளாத வரை நிலை மாறாது. ஓர் இன்வெர்ட்டருக்கு 2 டிரான்சிஸ்டர் வீதம் நான்கு, உள்ளே போய்வர வாசலாக இரண்டு. மொத்தம் 6 டிரான்சிஸ்டர்.

வேகம் அபாரம், ரெஃப்ரெஷ் தேவையில்லை. அதனால்தான் பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் மெமரி எஸ்ரேமில் செய்யப்படுகிறது. ஆனால் ஒரு பிட்டுக்கு 6 டிரான்சிஸ்டர் என்பதால் இடம் அதிகம், விலையும் அதிகம். கரண்ட் போனால் இருவரும் பிடியை விட்டுவிடுவார்கள். மறுபடி கரண்ட் வரும்போது எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்ல முடியாது. என் கவுண்ட்டரில் 0 தெரிந்ததற்குக் காரணம், புரோகிராம் ஆரம்பிக்கும்போதே மாறிக்கு 0 கொடுத்துவிடுவதுதான்.

டிரேம்: ஓட்டைக் குடம்

ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் ஓர் எளிய வழி கண்டார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் ஒரு செல். கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இதற்கான காப்புரிமை 1968-இல் கிடைத்தது. 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற 1 கிலோபிட் டிரேம் சிப், அதுவரை கணினிகளில் கோலோச்சிய காந்த வளைய மெமரியை ஓரங்கட்ட ஆரம்பித்தது. அந்த 1103-இல் ஒரு செல்லுக்கு 3 டிரான்சிஸ்டர் இருந்தது. ஒற்றை டிரான்சிஸ்டர் செல் பின்னால் வழக்கத்துக்கு வந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம். மின்னூட்டம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். குடம் காலியாவதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். அதுதான் ரெஃப்ரெஷ். வழக்கமான டிரேமில் எல்லா வரிசைகளையும் 64 மில்லி வினாடிக்குள் ஒரு சுற்று ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். அதை 8,192 கட்டளைகளாகப் பிரித்தால், சுமார் 7.8 மைக்ரோ வினாடிக்கு ஒரு ரெஃப்ரெஷ். நீங்கள் போனில் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலும் இந்த வேலை ஓடிக்கொண்டே இருக்கும். 'டைனமிக்' என்ற பெயர் இதனால் வந்தது.

இன்னொரு விஷயம்: டிரேமைப் படித்தால் செல் காலியாகிவிடும். கெப்பாசிட்டரில் இருந்த கொஞ்ச மின்னூட்டமும் பிட் லைனில் கொட்டிவிடும். சென்ஸ் ஆம்ப்ளிஃபயர் அந்தச் சின்ன மாற்றத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கி, அதே மதிப்பைத் திரும்பச் செல்லில் எழுதும்.

இவ்வளவு தொல்லை எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஜிபி என்றால் சுமார் 6,871 கோடி பிட். டிரேமில் அத்தனை கோடி டிரான்சிஸ்டரும் கெப்பாசிட்டரும் போதும். எஸ்ரேமில் செய்தால் அதைப்போல ஆறு மடங்கு டிரான்சிஸ்டர் வேண்டும். மெயின் மெமரிக்கு டிரேம், கேஷுக்கு எஸ்ரேம் என்ற பங்கீடு இந்தக் கணக்கில் பிறந்தது.

ரோம் குடும்பம்: ஒரு தலைமுறைக் கதை

கரண்ட் போனாலும் மறக்காதவை இந்தக் குடும்பம். ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதின் ஒரு குறையைத் தீர்க்க வந்தது என்று பார்த்தால் மனப்பாடமே தேவையில்லை.

*மாஸ்க் ரோம்.* காஞ்சிபுரம் பக்கம் ஜக்கார்டு தறி பார்த்திருக்கிறீர்களா? ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. டிசைன் அட்டையிலேயே இருக்கிறது, நெய்கிறவர் மாற்ற முடியாது. மாஸ்க் ரோமும் அப்படித்தான். சிப் தயாராகும்போதே எந்தச் சந்திப்பில் இணைப்பு, எதில் இல்லை என்று முடிவாகிவிடும். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி வேண்டுமானால் மலிவு. ஒரு பிட் தப்பானாலும் மொத்தமும் குப்பை.

*பிராம்.* எல்லாச் சந்திப்பிலும் ஃபியூஸ் வைத்து வெற்றுச் சிப்பாக விற்பார்கள். வாங்கியவர் வேண்டாத ஃபியூஸ்களை அதிக மின்னோட்டம் கொடுத்து எரித்துக்கொள்ளலாம். 'புரோகிராம் பர்ன் பண்றேன்' என்று இன்றைக்கும் லேபில் சொல்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்தது. ஒரே முறைதான், எரிந்த ஃபியூஸ் திரும்ப வராது.

*ஈப்ராம்.* தப்பைத் திருத்த வழி வேண்டாமா? 1967-இல் பெல் லேப்ஸில் டாவோன் காங், சைமன் சே இருவரும் மிதக்கும் கேட் என்ற கருத்தை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டரின் கேட்டுக்குக் கீழே, நாலா பக்கமும் ஆக்சைடு சூழ்ந்த இன்னொரு கேட். எங்கும் இணைப்புக் கிடையாது. உயர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்களை அதற்குள் தள்ளிவிட்டால், வெளியே வர வழியில்லாமல் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். உள்ளே எலக்ட்ரான் இருந்தால் டிரான்சிஸ்டர் சுலபத்தில் கடத்தாது. அதை 0 என்று படிக்கிறோம். காலியாக இருந்தால் 1.

இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் 1971-இல் இதை ஈப்ராமாகக் கொண்டுவந்தார். மேலே ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் 15, 20 நிமிடம் வைத்தால் எலக்ட்ரான்கள் தப்பி, சிப் முழுவதும் அழியும். 8085 கிட் உள்ள லேபில் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சிப் கண்ணில் பட்டால், அது இதுதான். வெளிச்சம் பட்டுப் பட்டு மானிட்டர் புரோகிராம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஸ்டிக்கர். பிய்த்துவிடாதீர்கள்! இதே ஈப்ராமை ஜன்னல் இல்லாமல் பிளாஸ்டிக்கில் அடைத்து விற்றால், அழிக்க வழியில்லை. ஒரு முறை எழுதும் மெமரியாக அது ஆகிவிடும்.

*இஇப்ராம்.* விளக்கு, ஜன்னல் எதுவும் வேண்டாம். மிக மெல்லிய ஆக்சைடு வழியாக எலக்ட்ரான்களை மின்சாரத்தாலேயே உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் முடியும். ஒவ்வொரு பைட்டாகவும் மாற்றலாம். ஆனால் எழுத மெதுவு. எலக்ட்ரான்கள் போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். ஒரு கட்டத்தில் செல் எலக்ட்ரானைப் பிடித்து வைக்காது. அதனால் எழுதும் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு.

*பிளாஷ்.* தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984-இல் வெளியிட்டது. ஒவ்வொரு பைட்டுக்கும் தனியாக அழிக்கும் வசதியைக் கைவிட்டு, ஒரு பிளாக் முழுவதையும் ஒரே அடியாக அழிப்பது. கேமரா பிளாஷ் மாதிரி ஒரே நொடியில் அழிவதால் அந்தப் பெயர். செல் சிறியதானது, விலை விழுந்தது. நார் வகையில் எந்த இடத்தையும் நேரடியாகப் படிக்கலாம், புரோகிராம் வைக்க ஏற்றது. நேண்ட் வகையில் செல்களைச் சரமாகக் கோத்திருப்பதால் இன்னும் மலிவு. பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் இதுதான்.

ஒரு சிப்புக்குள் மூன்று பேர்

ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பைப் பாருங்கள். நாம் படித்ததில் மூன்று வகை அதற்குள்ளேயே இருக்கிறது:

• பிளாஷ், 32 கிலோபைட்: நம் புரோகிராம் தங்கும் இடம். 10,000 முறை எழுதலாம்.
• எஸ்ரேம், 2 கிலோபைட்: ஓடும்போது மாறிகள் இருக்கும் இடம். எழுதும் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, கரண்ட் போனால் போச்சு.
• இஇப்ராம், 1 கிலோபைட்: கரண்ட் போனாலும் இருக்க வேண்டியவை. ஓர் இடத்தில் 100,000 முறை எழுதலாம்.

இப்போது என் இரண்டாவது தப்பைச் சொல்கிறேன். எண்ணை இஇப்ராமில் எழுதும் வரியை லூப்புக்குள் வைத்தேன். புது ஊடை வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது எழுதிக்கொண்டே இருந்தது. வீட்டில் மேஜை மேல் ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் கரண்டை அணைத்துப் போட்டால், 120 என்று இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய எண்.

கணக்கு இதுதான். ஒரு பைட் எழுத சுமார் 3.3 மில்லி வினாடி. என் எண்ணுக்கு 4 பைட், ஒரு சுற்றுக்கு 13.2 மில்லி வினாடி. 100,000 சுற்றுக்கு 1,320 வினாடி, அதாவது 22 நிமிஷம். தயாரிப்பாளர் உறுதி தரும் ஆயுளை 22 நிமிஷத்தில் தாண்டிவிட்டேன். 100,000 ஆனதும் செல் டக்கென்று செத்துவிடாது, பல சிப்கள் அதைத் தாண்டியும் தாங்கும். ஆனால் பத்து மணி நேரத்தில் 27 லட்சம் முறை எழுதினால் எது தாங்கும்? டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்திலேயே அந்த எண் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

ஓட்டு போடும் இயந்திரத்தில் எந்த மெமரி?

மெமரி வகையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நாம் எல்லாரும் தொட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. அனகாபுத்தூர், பல்லாவரம் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் நாட்டின் 543 தொகுதிகளிலும் வந்தது. இதைச் செய்பவை பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஐதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள். பாரத் எலக்ட்ரானிக்ஸில் இந்த இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு வகித்தவர் எஸ். ரங்கராஜன், நமக்கு எழுத்தாளர் சுஜாதாவாகத் தெரிந்தவர். அவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தது நம் ஊரிலிருந்து பம்மல், பல்லாவரம் தாண்டினால் வரும் குரோம்பேட்டை எம்ஐடியில்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் எந்த மெமரி வைப்பீர்கள்? நம் மூன்று கேள்வியைக் கேட்போம்.

புரோகிராம்: ஒருமுறை எழுதிய பிறகு யாரும் மாற்றவே கூடாது. பிளாஷ் வைத்தால் திரும்ப எழுத முடிவதே ஆபத்து. ஆகவே ஒரு முறை மட்டும் எழுதும் மெமரி கொண்ட மைக்ரோகன்ட்ரோலர். தேர்தல் ஆணையமும் அப்படித்தான் என்று சொல்கிறது. நாம் பழசு என்று தள்ளிவிடும் 'திருத்த முடியாத' குணம் இங்கே தேவையாகிறது.

ஓட்டு எண்ணிக்கை: ஒவ்வோர் ஓட்டுக்கும் மாற வேண்டும், ஆனால் பேட்டரியைக் கழற்றினாலும் மறக்கக் கூடாது. எஸ்ரேம் மட்டும் போதாது, ஒரு முறை எழுதும் மெமரியும் சரிவராது. இஇப்ராம் இங்கே பொருந்தும். ஒரு சாவடியில் பதிவாகும் ஓட்டு குறைவுதான் என்பதால் எழுதும் வரம்பும் தொல்லையில்லை.

இதிலேயே ஒரு பாடமும் இருக்கிறது. 2010-இல் ஓர் ஆய்வாளர் குழு ஓர் இயந்திரத்தைத் திறந்து, ஓட்டு பதிவாகும் இஇப்ராம் சிப்பின் மேல் ஒரு சின்னக் கருவியைக் கவ்வவிட்டு எண்களை மாற்றிக் காட்டியது. இயந்திரங்கள் சீல் வைக்கப்பட்டுக் காவலில் இருக்கும்போது அது நடக்காது என்று தேர்தல் ஆணையம் அதை மறுத்தது. பொறியியல் மாணவராக நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: திருத்த முடியாத மெமரி புரோகிராமைக் காக்கும். பக்கத்தில் இருக்கும் டேட்டாவை அது காக்காது. டேட்டாவைக் காக்க சீல், காவல், சரிபார்ப்பு என்று வேறு ஏற்பாடு வேண்டும். உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று தந்த தீர்ப்பில், இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் 'பர்ன்ட் மெமரி'யைத் தயாரிப்பாளரின் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்றது. நம் கடைசி யூனிட்டின் சொல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது!

தறிக்குத் திரும்புவோம்

புது சிப் வாங்கி மாட்டிவிட்டு, இந்த முறை முதலில் பேப்பரில் கணக்குப் போட்டேன்.

நிமிஷத்துக்கு 40 ஊடை, நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 19,200. ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு முறை, ஒரே இடத்தில் எழுதினால் 100,000 என்பது 5 நாளில் தீர்ந்துவிடும். லூப் தப்பைத் திருத்தினால் மட்டும் போதாது என்று தெரிந்தது. மூன்று மாற்றம் செய்தேன்.

1. *இடத்தை மாற்றி மாற்றி எழுதுதல்.* 1,024 பைட்டை 4 பைட் வீதம் 256 அறையாகப் பிரித்தேன். முதல் எண்ணை முதல் அறையில், அடுத்ததை அடுத்த அறையில், கடைசி அறை முடிந்ததும் மறுபடி முதலாவதில். கரண்ட் வந்ததும் எந்த அறையில் பெரிய எண் இருக்கிறதோ அதுதான் கடைசிக் கணக்கு. தேய்மானம் எல்லா அறைக்கும் சமமாகப் பிரிந்து 5 நாள் சுமார் 1,330 நாளாகிறது. எஸ்எஸ்டி உள்ளே நடக்கும் வேர் லெவலிங்கும் இதே யோசனைதான். ஒரு எச்சரிக்கை: புது இஇப்ராமில் எல்லா பிட்டும் 1, காலி அறையே மிகப் பெரிய எண்ணாகத் தெரியும். முதலில் எல்லா அறையிலும் 0 எழுதிவிட வேண்டும்.

2. *பத்துக்கு ஒரு முறை எழுதுதல்.* நடப்புக் கணக்கு எஸ்ரேமில் ஓடும். 10 ஊடைக்கு ஒரு முறை மட்டும் இஇப்ராமுக்குப் போகும். ஆயுள் பத்து மடங்கு. வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 44 வருஷம். கரண்ட் போனால் அதிகபட்சம் 9 ஊடை கணக்கில் விடுபடும். மாமாவிடம் கேட்டேன். "ஒம்பது ஊடை அரை விரற்கடை கூட வராது தம்பி, போனா போகுது" என்றார். எவ்வளவு இழக்கலாம் என்பதைப் பயன்படுத்துகிறவர்தான் சொல்ல வேண்டும்.

3. *சரியான டேட்டா டைப்.* ஊனோவில் 'இன்ட்' 16 பிட், 32,767 வரைதான் எண்ணும். நாளுக்கு 19,200 என்றால் இரண்டாம் நாளே எண் மைனஸில் போகும். 32 பிட் 'அன்சைன்டு லாங்' வைத்தேன்.

அந்த 9 ஊடையும் விடக் கூடாது என்றால் ஒரு வழி உண்டு. கரண்ட் போவதைக் கண்டறிந்து, கடைசி நொடியில் ஒரே முறை எழுதலாம். 4 பைட்டுக்கு 13.2 மில்லி வினாடி வேண்டும். போர்டு 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, மின்னழுத்தம் 1 வோல்ட் வரை இறங்கலாம் என்றால், கெப்பாசிட்டர் 0.05 × 0.0132 ÷ 1, அதாவது 660 மைக்ரோ ஃபாரட். 1,000 போட்டால் தாராளம். சேமித்த மின்னூட்டம் சப்ளை பக்கம் திரும்பிப் போகாமல் ஒரு டையோடும் வேண்டும். அடுத்த வெர்ஷனில் செய்யலாம் என்றிருக்கிறேன். ஜூனியர்கள் யாராவது முந்திக்கொண்டாலும் சந்தோஷம்தான்.

தேர்வுக்கு ஒரு கணக்கு

256 × 4 சிப்களை வைத்து 1கே × 8 மெமரி அமைக்கவும். அடிக்கடி வரும் கேள்வி.

சிப் எண்ணிக்கை: 1,024 × 8 ÷ 256 × 4 என்று அவசரத்தில் எழுதாமல், மேலே 8,192, கீழே 1,024 என்று தனித்தனியாகப் பெருக்கி வகுங்கள். விடை 8. அகலத்தை 4-லிருந்து 8 பிட்டாக்க இரண்டிரண்டு சிப் ஜோடி. இடத்தை 256-லிருந்து 1,024 ஆக்க அப்படி நான்கு ஜோடி. மொத்த முகவரிக் கம்பி 10. அதில் கீழ் 8 கம்பி எல்லாச் சிப்புக்கும் பொது. மேல் 2 கம்பி ஒரு 2-க்கு-4 டீகோடருக்குப் போகும். அதன் நான்கு வெளியீடும் நான்கு ஜோடிகளின் சிப் செலக்டுக்கு. படம் போட்டு எழுதினால் முழு மார்க்.

முடிக்கும் முன்

கவுண்ட்டர் இப்போதும் ஓடுகிறது. நடுவில் பல முறை கரண்ட் போய் வந்தது. எண் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மாமா ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அந்த எண்ணை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறார். போன மாதம் சேலை எடுக்க வந்தவரிடம் அந்த நோட்டைத் திறந்து காட்டினார். விலை உடனே கூடிவிடவில்லை. ஆனால் "சும்மா சொல்றீங்க" என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை ஒரு புராஜெக்ட்டில் மாறி ஒன்றை அறிவிக்கும்போது ஒரு நொடி நின்று கேளுங்கள்: இந்த எண் யாருடைய உழைப்பு? கரண்ட் போனால் இது இருக்க வேண்டுமா? எத்தனை முறை மாறும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்த மெமரி என்று தானாகத் தெரிந்துவிடும். அதோடு டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

தேர்வுக்கு வாழ்த்துகள், நண்பர்களே!